சிங்கப்பூர் போறீங்களா? டிராவல் இ-சிம் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

சென்னை, திருச்சி, கோவைல இருந்து நாலஞ்சு நாளைக்கு சிங்கப்பூர் சுத்திப் பாக்கப் போறவங்க, அங்க இருக்குற பிள்ளைங்களைப் பாக்கப் போற அப்பா அம்மாக்கள், இவங்களுக்காக எழுதுறது இது. இ-சிம்னா கார்டா போடாம போனுக்குள்ளயே டவுன்லோட் பண்ணிக்கிற சிம். எந்த பேக் சீப்புன்னுதான் எல்லாரும் முதல்ல கேக்குறாங்க, ஆனா நீங்க மொதல்ல யோசிக்க வேண்டியது உங்க இந்தியா நம்பரைப் பத்திதான், அந்த நம்பருக்கு ஓடிபி வந்துட்டே இருக்கணும், அதுக்கு இடைஞ்சல் பண்ணாம நெட் குடுக்குற இ-சிம் எதுவோ அதுதான் நல்ல இ-சிம். கீழ இருக்குற எல்லா பதிலும் இதை வச்சுதான் போகும்.

நாலு நாளைக்கு இ-சிம் எல்லாம் எதுக்கு, ஃப்ரீ வைஃபையே போதாதா?

சாங்கி ஏர்போர்ட்ல ஃப்ரீ வைஃபை நல்லாவே வரும், ஊருக்குள்ளயும் வயர்லெஸ் அட் எஸ்ஜின்னு ஒரு இலவச வைஃபை மால், லைப்ரரி, நிறைய எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன்னு பல இடத்துல இருக்கு. ஒரு இடத்துல உக்காந்து பாக்குறதுக்கு அது ஓகே. ஆனா நீங்க ரோட்டுல நடந்துட்டு மேப் பாக்கணும், கிராப் ஆப்ல டாக்ஸி புக் பண்ணிட்டு வண்டி எந்த கேட்டுல நிக்குதுன்னு பாக்கணும், செந்தோசா தீவுல ஆளுக்கொரு பக்கம் போயிட்டா கூப்பிடணும், இதுக்கெல்லாம் வைஃபை கை குடுக்காது. அப்புறம் இமிக்ரேஷன் முடிஞ்சதும் பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் குத்த மாட்டாங்க, எத்தனை நாள் தங்கலாம்ங்கிற பாஸ் மெயில்லதான் வரும், அதைப் பாக்கவும் நெட் வேணும். எஸ்ஜி அரைவல் கார்டுங்கிற ஆன்லைன் ஃபார்மை மட்டும் வீட்டுலயே போட்டுருங்க, வந்து இறங்குற நாளையும் சேத்து கடைசி 3 நாளுக்குள்ள போடணும், அது ஃப்ரீ, காசு கேக்குற சைட்ல போய் போடாதீங்க.

என் போன்ல இ-சிம் போடலாமான்னு எப்படி தெரிஞ்சுக்குறது?

டயல் பேட்ல *#06# அடிங்க. ஐஎம்இஐ நம்பரோட ஈஐடின்னு 32 இலக்க நம்பர் ஒண்ணு வந்தா உங்க போன்ல இ-சிம் போகும், வரலைன்னா போகாது, பெரும்பாலும் இந்த ஒரு செக் போதும். ஐபோன்ல 2018ல வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர்ல இருந்து இருக்கு, சாம்சங்ல எஸ்20ல இருந்து வர்ற பெரிய மாடல்கள்ல இருக்கு, விலை கம்மியான ஆண்ட்ராய்டுல மாடலுக்கு மாடல் மாறும். சீனாவுல விக்கிற ஐபோன்கள்ல பெரும்பாலும் இ-சிம் கிடையாது, ரெண்டு சிம் ஸ்லாட்தான், அந்த மாதிரி செகண்ட் ஹேண்ட்ல வாங்கினவங்க கண்டிப்பா செக் பண்ணுங்க.

இன்னொண்ணும் இருக்கு, இதைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. போன்ல ஒரே நேரத்துல ரெண்டு லைன்தான் ஆன்ல இருக்கும். ஏற்கனவே ஜியோ ஒண்ணு ஏர்டெல் ஒண்ணுன்னு ரெண்டு சிம் வச்சிருக்கீங்கன்னா, டிராவல் இ-சிம் ஆன் பண்ணும்போது அதுல ஒண்ணு ஆஃப் ஆகணும், அப்போ பேங்க்ல குடுத்திருக்கிற நம்பர் எதுவோ அதை விட்டு வச்சுட்டு மத்ததை ஆஃப் பண்ணுங்க, அவசரத்துல மாத்தி ஆஃப் பண்ணிட்டு அப்புறம் ஓடிபி வரலைன்னு தவிக்க வேண்டியதில்ல.

ஃபேமஸான இ-சிம் ஆப் எல்லாம் தேடினா கிடைக்க மாட்டேங்குதே, ஏன்?

2024 ஜனவரியில தொலைத்தொடர்பு துறை சொன்னதால ஏர்ஆலோ, ஹோலாஃப்ளை ரெண்டு ஆப்பையும் ஆப்பிளும் கூகுளும் இந்திய ஸ்டோர்ல இருந்து எடுத்தாங்க. வெளிநாட்டு சிம்மை இந்தியாவுல விக்கணும்னா அரசாங்கத்துகிட்ட என்ஓசின்னு தடையில்லாச் சான்று வாங்கணும், யாரு எதுக்கு வாங்குறாங்கன்னு ஆவணமும் வாங்கி வைக்கணும், அது இல்லாம வித்ததுதான் பிரச்சனை, பின்னாடி மோசடிக்கு அந்த நம்பர்கள் போகுதுங்கிற கவலையும் சேர்ந்துச்சு.

அதனால உங்களுக்கு வழி ரெண்டு. ஒண்ணு, இங்கயே அனுமதியோட விக்கிற கம்பெனிகிட்ட வாங்குறது, பாஸ்போர்ட் காப்பி, விசா, டிக்கெட் கேப்பாங்க, குடுங்க, அது சரியான நடைமுறைதான். ரெண்டாவது, சாங்கில இறங்கி ஏர்போர்ட் வைஃபைல உக்காந்து வாங்குறது. விபிஎன் போட்டு, ஸ்டோர் நாட்டை மாத்தி வாங்குற வழியெல்லாம் நான் சொல்ல மாட்டேன், அக்கவுண்ட் நாட்டை மாத்தினா ஏற்கனவே இருக்குற சப்ஸ்கிரிப்ஷன் எல்லாம் குழம்பிப் போகும், ஒரு வார டேட்டாவுக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

வெளிநாட்டுல போய் வாங்குறதா இருந்தா உங்க கார்டுல இன்டர்நேஷனல் டிரான்சாக்ஷன் ஆன்ல இருக்கான்னு பேங்க் ஆப்ல பாத்துட்டு போங்க. ரிசர்வ் பேங்க் 2020ல கொண்டுவந்த விதிப்படி புது கார்டுல அது ஆஃப்லதான் வரும், நாமதான் ஆன் பண்ணணும்.

இ-சிம்மா, ஏர்டெல் ஜியோ ரோமிங் பேக்கா, இல்ல அங்க போய் லோக்கல் சிம்மா? எது பெஸ்ட்?

யாரு போறாங்கன்னு சொல்லுங்க, எதுன்னு சொல்றேன்.

ரோமிங் பேக்ல உங்க சிம், உங்க நம்பர், எதையும் மாத்த வேண்டாம், இறங்கினதும் வேலை செய்யும், கால் வரும், ஓடிபி வரும். காசு கூட, டேட்டா கம்மி. ஆனா ஒரு நாள் ரெண்டு நாள் வேலையா போறவங்களுக்கும், போன்ல செட்டிங்ஸ் பக்கமே போகாத பெரியவங்களுக்கும் அந்தக் கூடுதல் காசு நியாயமான காசுதான்.

லோக்கல் டூரிஸ்ட் சிம்னா சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பான்னு அந்த ஊர் கம்பெனியோடது. ஏர்போர்ட் மணி சேஞ்சர் கவுண்டர்லயும், செவன் லெவன், சியர்ஸ் கடையிலயும், லிட்டில் இந்தியாவுல சிராங்கூன் ரோடு போன் கடைகள்லயும் கிடைக்கும். பாஸ்போர்ட் காட்டணும், ஒரு ஆளுக்கு மூணு ப்ரீபெய்டு சிம்முக்கு மேல தர மாட்டாங்க. ஒரு வாரத்துல தீக்கவே முடியாத அளவு டேட்டா குடுப்பாங்க, லோக்கல் நம்பரும் கிடைக்கும். சிக்கல் என்னன்னா ஒரே ஒரு ஸ்லாட் இருக்குற போன்ல இந்தியா சிம்மைக் கழட்டணும், அந்தச் சின்ன சிம்மை பர்ஸ்ல எங்கயோ வச்சுட்டு தேடுறதும் இருக்கு, அது வெளிய இருக்குற வரைக்கும் ஓடிபியும் கிடையாது. அந்தக் கம்பெனிகளே இப்போ டூரிஸ்ட் இ-சிம்மும் விக்கிறாங்க, கிடைச்சா எனக்குத் தெரிஞ்சு அதுதான் நல்ல சாய்ஸ், லோக்கல் நெட்வொர்க், இந்தியா சிம்மும் உள்ளயே இருக்கும்.

டிராவல் இ-சிம் இந்த ரெண்டுக்கும் நடுவுல. பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், நம்பர் கிடையாது, கால் வாட்ஸ்அப்ல பேசிக்கலாம். துபாய் மாதிரி சிங்கப்பூர்ல வாட்ஸ்அப் காலுக்குத் தடை இல்ல, தாராளமா பேசலாம்.

இ-சிம் போட்டா என் இந்தியா நம்பருக்கு ஓடிபி வருமா? பில் எகிறிடுமா?

வரும், நீங்க செட்டிங்ஸை சரியா வச்சா. இந்த ஒரு பதிலை மட்டும் நிதானமா படிங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி உங்க கம்பெனி ஆப்ல இன்டர்நேஷனல் ரோமிங் ஆன்ல இருக்கான்னு பாருங்க, அது ஆஃப்ல இருந்தா அங்க இந்தியா சிம்முக்கு சிக்னலே வராது, சிக்னல் வரலைன்னா எஸ்எம்எஸ்ஸும் வராது. வெளிநாட்டுல வர்ற எஸ்எம்எஸ் பொதுவா இலவசம்தான், இருந்தாலும் பேக் எடுக்காம இன்கமிங் எஸ்எம்எஸ் வருமான்னு கஸ்டமர் கேர்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. ப்ரீபெய்டுன்னா திரும்பி வர்ற தேதி வரைக்கும் ரீசார்ஜ் வேலிடிட்டி இருக்கணும், நடுவுல முடிஞ்சா எல்லாமே நின்னுடும்.

அப்புறம் போன்ல. இந்தியா சிம் லைன் ஆன்ல இருக்கட்டும், அதுல டேட்டா ரோமிங் மட்டும் ஆஃப். மொபைல் டேட்டா எந்த லைன்னு கேக்குற இடத்துல இ-சிம்மை செலக்ட் பண்ணுங்க. அதுக்குக் கீழயே ஐபோன்ல அலோ மொபைல் டேட்டா ஸ்விட்ச்சிங்னு ஒண்ணு இருக்கும், ஆண்ட்ராய்டுல ஆட்டோ டேட்டா ஸ்விட்ச்சிங் மாதிரி பேர்ல இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க. இது ஆன்ல இருந்தா இ-சிம் சிக்னல் கொஞ்சம் வீக்கானதும் போன் தானாவே இந்தியா சிம் டேட்டாவுக்குத் தாவப் பாக்கும், டேட்டா ரோமிங்கும் எங்கயாவது ஆன்ல இருந்துச்சுன்னா பில்லு எகிறுறது இங்கதான்.

பேக் போடாம இருக்குற இந்தியா சிம்முல வர்ற காலை எடுத்தா நிமிஷத்துக்கு சார்ஜ் ஆகும், எடுக்காம விட்டுட்டு வாட்ஸ்அப்ல திரும்பக் கூப்பிடுங்க. கால் ஃபார்வர்டிங் வச்சிருந்தா எடுத்துடுங்க, எடுக்காத கால் வேற நம்பருக்குப் போகும்போதும் காசு போகலாம். ஐபோன்காரங்க ஐமெசேஜை ஆஃப் பண்ணிடுங்க, சிம் மாறுச்சுன்னா நம்பரை உறுதிப்படுத்த அது தானா ஒரு வெளிநாட்டு எஸ்எம்எஸ் அனுப்பும். வாட்ஸ்அப் புது சிம்மைப் பாத்துட்டு நம்பர் மாத்தணுமான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க, பழைய நம்பர்லயே ஓடும்.

பேக் வாங்கும்போது எதையெல்லாம் பாக்கணும்?

எந்த நெட்வொர்க்ல ஓடுதுன்னு பாருங்க. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1னு பேர் போட்டிருந்தா நல்லது, பேரே போடாத பேக்கை நான் தொட மாட்டேன். ஊர் சின்னது, கவரேஜ் எல்லாமே நல்லாருக்கும், எம்ஆர்டி சுரங்கத்துக்குள்ளயும் சிக்னல் வரும்.

அன்லிமிடெட்னு போட்டிருந்தா கீழ பொடி எழுத்தைப் படிங்க. நிறைய பேக்ல ஒரு நாளைக்கு 1 ஜிபியோ 2 ஜிபியோதான் ஃபுல் ஸ்பீடு, அதுக்கு மேல மேப்பே திறக்காத அளவுக்கு ஸ்லோ பண்ணிடுவாங்க. ஹாட்ஸ்பாட் அனுமதி இருக்கா, டாப்அப் பண்ண முடியுமான்னும் பாருங்க.

வேலிடிட்டி எப்போ ஆரம்பிக்குதுங்கிறதுதான் நிறைய பேர் ஏமாறுற இடம். சில பேக் இன்ஸ்டால் பண்ணினதுமே ஆரம்பிக்கும், சில பேக் அந்த ஊர் நெட்வொர்க்கைத் தொட்டதும். ஒரு நாள்னா 24 மணி நேரமா, இல்ல காலண்டர் நாளான்னும் பாக்கணும், அதுலயும் சில கம்பெனி யுடிசி, அதாவது உலகப் பொது நேரப்படி நாளை எண்ணும். யுடிசி நள்ளிரவுன்னா சிங்கப்பூர்ல காலைல 8 மணி. ராத்திரி சென்னைல ஏறி காலைல 6 மணிக்கு சாங்கில இறங்கி சிம்மை ஆன் பண்ணினீங்கன்னா, 8 மணிக்கே உங்க முதல் நாள் முடிஞ்சுடும். அந்த மாதிரி பேக்னா 8 மணி வரைக்கும் ஏர்போர்ட் வைஃபைல இருந்துட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க, ஒரு நாள் மிச்சம்.

எத்தனை ஜிபி வாங்கலாம்?

மேப், கிராப், வாட்ஸ்அப் மெசேஜ், கொஞ்சம் போட்டோ அனுப்புறதுன்னா ஒரு நாளைக்கு அரை ஜிபியே அதிகம். மேப் ஒரு மணி நேரம் ஓடினாலும் பத்து எம்பி சுத்திதான் ஆகும், வாட்ஸ்அப் வாய்ஸ் கால் மணிக்கு சுமாரா 30லிருந்து 50 எம்பி. வீடியோ கால்னா மணிக்கு சில நூறு எம்பி, ரீல்ஸ் பாக்க ஆரம்பிச்சா ஒரு ஜிபி எங்க போச்சுன்னே தெரியாது. ஆனா உண்மையில டேட்டாவைக் குடிக்கிறது போட்டோ பேக்கப்தான், பகல் பூரா நீங்க எடுக்குற 4கே வீடியோ எல்லாம் பின்னாடி கூகுள் போட்டோஸ்லயோ ஐகிளவுட்லயோ ஏறிட்டே இருக்கும், அதை வைஃபை ஒன்லின்னு மாத்திடுங்க, ஆப் அப்டேட்டையும் அப்படியே. அஞ்சு நாளுக்கு 3லிருந்து 5 ஜிபி ஒரு ஆளுக்குத் தாராளம்.

ஃபுல் சிக்னல் காட்டுது, ஆனா நெட் ஸ்லோவா இருக்கே?

டிராவல் இ-சிம் நிறைய சிங்கப்பூர் கம்பெனியோடதே கிடையாது, வேற நாட்டு கம்பெனியோட சிம், சிங்கப்பூர்ல ரோமிங்ல ஓடுது. உங்க டேட்டா அந்த நாட்டுக்குப் போய்ட்டுதான் இன்டர்நெட்டுக்கு வெளிய வரும், திருச்சில இருந்து தஞ்சாவூர் போக சென்னை வழியா பஸ் ஏறுன மாதிரி. ஹாங்காங் வழியா வந்தா அவ்வளவா தெரியாது, ஐரோப்பா வழியா சுத்தி வந்தா வீடியோ கால்ல பேசினது லேட்டா கேக்கும். அதே காரணத்தாலதான் கூகுள் திடீர்னு வேற பாஷையில வரும், பேங்க் ஆப் வெளிநாட்டு லாகின்னு எச்சரிக்கை குடுக்கும். பயப்பட வேண்டாம், ஆனா வாங்கும்போதே ஐபி, அதாவது டேட்டா வெளிய வர்ற இடம், எந்த நாடுன்னு போட்டிருக்காங்களான்னு பாத்தா நல்லது, ஆன்லைன் மீட்டிங் இருக்குறவங்க கட்டாயம் பாருங்க.

எப்போ இன்ஸ்டால் பண்றது, ஊர்லயா அங்கயா?

ஊர்லயே, வீட்டு வைஃபைல, கிளம்புறதுக்கு முந்தின நாள். வேலிடிட்டி இன்ஸ்டால்லயே ஆரம்பிக்கிற பேக்னா மட்டும் சாங்கில. மெயில்ல வர்ற க்யூஆர் கோடை வேற ஒரு போன்லயோ லேப்டாப்லயோ திறந்து வச்சு ஸ்கேன் பண்ணுங்க. இன்ஸ்டால் ஆனதும் லைனுக்கு சிங்கப்பூர் டேட்டான்னு பேர் வச்சுட்டு ஆஃப் பண்ணி வைங்க. அந்த கோட் பெரும்பாலும் ஒரு தடவைதான் வேலை செய்யும், அதனால நெட் வரலைன்னு கோவத்துல இ-சிம்மை டெலீட் மட்டும் பண்ணிடாதீங்க, திரும்ப ஏறாது.

சாங்கில இறங்கிட்டேன், இ-சிம்ல நெட்டே வரல, என்ன பண்றது?

மொதல்ல இ-சிம் லைன்ல டேட்டா ரோமிங் ஆன்ல இருக்கான்னு பாருங்க. இந்தியா சிம்ல ஆஃப், இ-சிம்ல ஆன். ரோமிங்னாலே காசு போகும்னு பயந்து ரெண்டுலயும் ஆஃப் பண்ணிடுறாங்க, ஆனா அந்த இ-சிம்மே ரோமிங்ல ஓடுற சிம்னு மேல சொன்னேன்ல, அது ஆன்ல இல்லைன்னா டேட்டா வரவே வராது. வரலைங்கிற கேஸ்ல பெரும்பாலும் இதுதான் காரணமா இருக்கும்.

அதுலயும் வரலைன்னா ஏரோபிளேன் மோட் போட்டு எடுங்க, ஒரு ரீஸ்டார்ட். அப்புறம் நெட்வொர்க் செலக்ஷனை மேனுவல்ல வச்சு பேக்ல சொல்லியிருக்கிற கம்பெனியை செலக்ட் பண்ணுங்க. கடைசியா ஏபிஎன், அதாவது போனை நெட்டோட இணைக்கிற செட்டிங், மெயில்ல என்ன குடுத்திருக்காங்களோ அதை அப்படியே ஒரு எழுத்து மாறாம போடுங்க. இதெல்லாம் ஏர்போர்ட்டுக்குள்ள வைஃபை இருக்கும்போதே முடிங்க, வெளிய வந்துட்டா சப்போர்ட் சாட்டுக்குக் கூட நெட் இருக்காது.

சிங்கப்பூர்ல 2017லயே 2ஜியையும், 2024ல 3ஜியையும் மூடிட்டாங்க. அதனால இந்தியா சிம்ல சாதா கால் போகணும்னா போன்ல வோல்ட்டி, அதாவது 4ஜி வழியா கால் போற வசதி, ஆன்ல இருக்கணும், ரொம்பப் பழைய போன்ல கால் போகாம போகலாம்.

அப்பா அம்மா தனியா வர்றாங்க, அவங்களுக்கு இ-சிம் சரிப்படுமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் என் பதில் ஒண்ணுதான், அவங்களுக்கு ரோமிங் பேக் போட்டு அனுப்புங்க. வயசானவங்க முதல் தடவை ஃபிளைட் ஏறி அவ்வளவு பெரிய ஏர்போர்ட்ல இறங்கி, போன்ல நெட் இல்லாம, பையன் எந்த டெர்மினல்ல நிக்கிறான்னு தெரியாம பதட்டத்தோட நிக்கிறது சில நூறு ரூபா மிச்சத்துக்காக நடக்கக் கூடாது. மாசக் கணக்குல தங்கப் போறாங்கன்னா முதல் நாளுக்கு மட்டும் சின்ன ரோமிங் பேக், அடுத்த நாள் நீங்களே கூட்டிட்டுப் போய் லோக்கல் சிம் வாங்கிக் குடுங்க. அவங்க போன்ல ரெண்டு ஸ்லாட் இருக்கும் பெரும்பாலும், இந்தியா சிம்மைக் கழட்டாமலே போடலாம், பென்ஷன் மெசேஜ், பேங்க் மெசேஜ் எல்லாம் அவங்களுக்கு வந்துட்டே இருக்கும். உங்க சிங்கப்பூர் நம்பரையும் வீட்டு அட்ரஸையும் ஒரு பேப்பர்ல எழுதி பாஸ்போர்ட்டோட வச்சு அனுப்புங்க. போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995, அதையும் அதே பேப்பர்ல எழுதுங்க.

குடும்பத்துல நாலு பேர், ஒரு இ-சிம் வாங்கி ஹாட்ஸ்பாட் போட்டா போதுமா?

எல்லாரும் ஒண்ணாவே சுத்துவீங்கன்னா போதும், ஆனா முஸ்தஃபா ஷாப்பிங் சென்டருக்குள்ள போனா ஆளுக்கொரு மாடியில இருப்பீங்க. ரெண்டு பெரியவங்க போன்ல ஆளுக்கொண்ணு போடுங்க, பிள்ளைங்க அதுல ஒட்டிக்கட்டும். ஹாட்ஸ்பாட் பேட்டரியையும் சாப்பிடும், பவர் பேங்க் எடுத்துக்குங்க.

ஒரு நாள் பக்கத்துல மலேசியாவுல இருக்குற ஜோகூர் பாரு போய்ட்டு வரலாம்னு இருக்கோம், அதே இ-சிம் வேலை செய்யுமா?

சிங்கப்பூர் மட்டும்னு போட்ட பேக்னா பாலத்தைத் தாண்டினதும் நின்னுடும். மலேசியாவும் சேந்த பேக்கா வாங்குங்க, விலை கொஞ்சம்தான் கூட இருக்கும். எல்லையை ஒட்டின உட்லண்ட்ஸ் பக்கம் சுத்தும்போது போன் சில சமயம் அந்தப் பக்கத்து மலேசியா டவரைப் பிடிச்சுக்கும், நெட் நின்னு போச்சுன்னா மேனுவல்ல சிங்கப்பூர் நெட்வொர்க்கை செலக்ட் பண்ணுங்க.

ஊருக்குத் திரும்பினதும் இ-சிம்மை என்ன பண்ணணும்?

மொதல்ல மொபைல் டேட்டா லைனை இந்தியா சிம்முக்கு மாத்துங்க, இல்லைன்னா மீனம்பாக்கத்துல இறங்கி நெட் வரலைன்னு பாத்துட்டு இருப்பீங்க. ஆஃப் பண்ணி வச்ச ரெண்டாவது சிம், ஐமெசேஜ், கால் ஃபார்வர்டிங் எல்லாத்தையும் பழையபடி ஆன் பண்ணுங்க. டாப்அப் பண்ணக்கூடிய இ-சிம்னா அடுத்த பயணத்துக்கு வச்சிருக்கலாம், ஆஃப் பண்ணி வச்சா போதும், ஐபோன்ல எட்டோ அதுக்கு மேலயோ ஸ்டோர் ஆகும். அடுத்த வருஷம் வரைக்கும் எங்கயும் போகப் போறதில்லைன்னா டெலீட் பண்ணிடுங்க, ஆனா டெலீட் பண்ணும்போது பேரைப் பாத்து பண்ணுங்க, உங்க ஏர்டெலோ ஜியோவோ இ-சிம்மா இருந்து அதைத் தப்பா எடுத்துட்டா திரும்ப ஆக்டிவேட் பண்ண சில சமயம் ஷோரூம் வரைக்கும் போக வேண்டியிருக்கும்.